கட்டிலுக்கு அடியில் ஒரு கால்

எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கிற ஓர் அம்மா இருக்கிறார். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. மகன் கடன் வாங்கி, செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தான். அது இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. “ஏம்மா, போட்டுக்கிறதில்லையா?” என்று கேட்டேன்.

“கால் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அது கீழ உட்கார மாட்டேங்குது. நான் உட்கார்ந்தாதானே பொழப்பு?”

போன மாதம் ஒரு நட்சத்திர ஓட்டல் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. இயற்கையைப் பார்த்து மருத்துவக் கருவிகள் வடிவமைப்பது பற்றிய கூட்டம். திரையில் ஒரு மிருகக்காட்சி சாலையே வந்து போனது.

சுறாமீன் தோலில் பாசி ஒட்டுவதில்லை. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுத்தமாக வைக்க வழி தேடிய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆன்டனி பிரென்னன், அந்தத் தோலின் நுண்ணிய வரிகளை பிளாஸ்டிக்கில் பதித்தார். அதே வரிகள் பாக்டீரியா கூட்டமாகக் குடியேறுவதைத் தடுக்கும் என்று தெரிந்ததும், மருத்துவக் குழாய்கள் பக்கம் வந்துவிட்டார்கள். பல்லியின் பாதத்தைப் பார்த்து, காயத்தின் மேல் ஒட்டும் டேப்பை 2008-ல் எம்.ஐ.டி. ஆட்கள் செய்தார்கள். கொசுவின் ரம்பப் பல் ஊசியைப் பார்த்து, வலி தெரியாத ஊசிக்காக ஜப்பானின் கன்சாய் பல்கலைக்கழகத்தில் உழைத்தார்கள்.

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். தட்ட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால், நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் எனக்குத் தூரத்துச் சொந்தம். கணக்கு கேட்கிற புத்தி மட்டும் போகாது. இயற்கையைக் காப்பி அடிக்கிறோம், சரி. காப்பி அடித்ததற்குக் காப்புரிமையும் வாங்கிக்கொள்கிறோம், அதுவும் சரி. சுறாவையும் பல்லியையும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள், நோயாளி எங்கே உட்கார்கிறார், எந்தத் தரையில் நடக்கிறார் என்று பார்த்தார்களா? அன்று மாலை வரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பார்த்தவர்கள் உண்டு. ஜெய்ப்பூரில் ராம்சந்திர ஷர்மா என்று ஒரு கைவினைஞர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் காலத்தில் கால் இழந்தவர்களுக்குக் கிடைத்தது, 1950-களில் அமெரிக்காவில் உருவான ‘சாச்’ பாதம். கணுக்கால் அசையாது. ஷூ மாட்டிக்கொண்டு சமதளத்தில் நடக்கிறவருக்கு அது சரி. வெறுங்காலோடு வயலில் இறங்குகிற விவசாயிக்கு? சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு? குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ஆகவேண்டிய கக்கூஸுக்கு?

ஷர்மாவும், எலும்பு டாக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து, 1968-ல் ஜெய்ப்பூர் பாதத்தைச் செய்தார்கள். அவர்கள் காப்பி அடித்தது சுறாவை அல்ல, மனிதக் காலை. ரப்பர், மரக்கட்டை, டயரில் போடும் நூல் இவற்றை அச்சில் வைத்து, டயர் கடையில் செய்வது போலச் சூடேற்றிச் செய்தது. மடங்கும், பக்கவாட்டில் திரும்பும், தண்ணீரில் நனையலாம். விரல்கள்கூட உண்டு, நம் தோல் நிறத்தில். 1981-ல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், இந்தப் பாதத்தோடுதான் 1984-ல் மறுபடி மேடையேறி ஆடினார்.

இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1975-ல் டி.ஆர்.மேத்தா தொடங்கிய அமைப்பு இந்தக் காலை இலவசமாகவே கொடுத்து வருகிறது. அதே அமைப்பும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் சேர்ந்து செய்த செயற்கை முழங்காலை, 2009-ன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் பத்திரிகை தேர்ந்தெடுத்தது. விலை சுமார் 20 டாலர்!

ஜெய்ப்பூர் கால் குறையே இல்லாததா? இல்லை. கனம் அதிகம், பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். திருத்தட்டும். அங்கேதான் அந்தக் கருத்தரங்கு மூளைகள் தேவை. நான் விஞ்ஞானத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பாதித் தூரத்திலேயே நின்றுவிடுகிறதே என்றுதான் சண்டை போடுகிறேன்.

அரசாங்கத்தோடும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. முகாம் போட்டு, மாலை மரியாதையோடு ‘இத்தனை கால்கள் வழங்கினோம்’ என்று கணக்குக் காட்டுகிறார்கள். வியாபாரம் தெரிந்தவன் விற்ற சரக்கை மட்டும் எண்ணமாட்டான், திரும்பி வந்ததையும் எண்ணுவான். ஒரு வருடம் கழித்து வீடு வீடாகப் போய், எத்தனை கால் நடக்கிறது, எத்தனை கால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்த நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். கால் போகிற ஆபத்து பூக்கார அம்மாவுக்கு மட்டும் இல்லை. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

அடுத்த கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுறா, பல்லி எல்லாம் காட்டுங்கள். ஆனால், மேடையில் நாற்காலி போடாதீர்கள். பாய் விரியுங்கள். உங்கள் கருவியைக் கட்டிக்கொண்டு, நீங்களே அதில் உட்கார்ந்து எழுந்து காட்டுங்கள்.

அப்புறம் கை தட்டுகிறோம்.