தைரொயிட் குறைபாடு: மாத்திரைக்கு முன்னர் நிதானம் தேவை

களைப்பு, உடற்பருமன், முடி உதிர்தல், மலச்சிக்கல், மறதி ஆகியவற்றுள் ஏதேனுமொன்றுக்காக வைத்தியரை நாடுவோர், குறிப்பாகப் பெண்கள், தைரொயிட் பரிசோதனைக்கு அனுப்பப்படுவது இன்று வழமையாகிவிட்டது. அறிக்கையிலுள்ள எண் எல்லையைச் சற்றே தாண்டியிருந்தால் உடனேயே தைரொக்சின் மாத்திரை ஆரம்பிக்கப்படுவதும், அது ஆயுள் முழுவதும் தொடர்வதும் உண்டு. அம்மாத்திரை இவர்கள் அனைவருக்கும் தேவைதானா என்ற கேள்வியை மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில் வெளிப்படையாகவே எழுப்பியுள்ளது. அக்கேள்வி எமது நாட்டுக்கும் உரியதாகும்.

கழுத்தின் முற்பகுதியிலுள்ள தைரொயிட் சுரப்பியை இயக்குவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியாகும். தைரொயிட் சிறிது தளர்ந்தாலும் கபச்சுரப்பி ரிஎஸ்எச் எனப்படும் ஓமோனைக் கூடுதலாகச் சுரந்து அதைத் தூண்டுகின்றது. ரிஎஸ்எச் உயர்ந்தும் தைரொக்சின் அளவு சாதாரணமாகவும் இருக்கும் நிலையே மிதமான குறைபாடு எனப்படுகின்றது. ரிஎஸ்எச்சின் மேல் எல்லை பெரும்பாலான ஆய்வுகூடங்களில் 4 அலகு அல்லது 4.5 அலகு என்ற அளவிலேயே உள்ளது. மிதமான குறைபாடுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோரின் அளவு 10 ஐ எட்டுவதில்லை. முதுமையில் இவ்வளவு இயல்பாகவே சற்று உயர்வதும் கவனத்திற்குரியது.

தைரொயிட் நோய் இலங்கைக்குப் புதியதன்று. மழைவீழ்ச்சி மிகுந்த தென்மேற்குப் பிரதேசம் நீண்டகாலமாகக் கண்டக்கழலைப் பிரதேசமாகவே அறியப்பட்டிருந்தது. 1980களின் பிற்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வில் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ 19 சதவீதமானோரிடம் கழலை காணப்பட்டது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அது எமது பொதுச் சுகாதாரத் துறையின் பெரும் சாதனைகளுள் ஒன்று. எனினும் 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, பாடசாலை மாணவிகளிடையே தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அதிகரித்திருப்பதைக் காட்டி, அயடீன் இதற்குக் காரணமாகுமோ என வினவியது. அயடீன் குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு என்பதே இதன் பாடம். இதனைக் காட்டி அயடீன் கலந்த உப்பைக் கைவிடுவது பெருந்தவறாகும். உப்பிலுள்ள அயடீனின் அளவு தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும் என்பதே பொருள்.

மிதமான குறைபாடு இதயத்தைப் பாதிக்குமா? 55,000 இற்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2010 இல் வெளியான பகுப்பாய்வு, ரிஎஸ்எச் 10 ஐயும் தாண்டியவர்களிடம் இதய நாடி நோய் ஆபத்து கூடுவதைத் தெளிவாகக் காட்டியது. அதற்குக் கீழே அத்தகைய தெளிவு இருக்கவில்லை. சிகிச்சையைப் பொறுத்தவரை, 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்ட பரிசோதனையின் முடிவு 2017 இல் வெளியானது. மாத்திரை உட்கொண்டோருக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டோருக்கும் இடையில் களைப்பு உள்ளிட்ட அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மறு ஆண்டு 21 பரிசோதனைகளை ஒப்பிட்ட ஆய்வும் அவ்வாறே கூறியது. 2019 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான வழிகாட்டி, இந்நிலையிலுள்ள வயதுவந்தோருக்குத் தைரொக்சின் வழங்க வேண்டாம் என உறுதியாகப் பரிந்துரைத்தது.

ஆயினும் இதனை எல்லோருக்கும் பொதுவான கட்டளையாகக் கொள்ளலாகாது. ரிஎஸ்எச் 20 ஐத் தாண்டியோர், கடுமையான அறிகுறிகள் உள்ளோர், 30 வயதுக்குட்பட்ட இளையோர், கருத்தரிக்க முயலும் பெண்கள் ஆகியோரை அவ்வழிகாட்டியே விலக்கி வைத்துள்ளது. 10 இற்கும் 20 இற்கும் இடைப்பட்டோருக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியர்கள் பலர் உள்ளனர். கருவிலுள்ள சிசு முதல் மாதங்களில் தாயின் தைரொக்சினையே நம்பியுள்ளது. 677 கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பரிசோதனையில், சிகிச்சையால் பிள்ளைகளின் நுண்ணறிவில் முன்னேற்றம் காணப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கு சிகிச்சை சராசரியாக 16 வாரங்களின் பின்னரே தொடங்கியது. எனவே கர்ப்பிணிகள் விடயத்தில் வைத்தியர்கள் கூடுதல் எச்சரிக்கை காட்டுவது நியாயமானதே.

மறுபுறம், தேவைக்கு மேற்பட்ட தைரொக்சின் தீங்கற்றதன்று. அளவு மிகும்போது இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு மெலியலாம். மாத்திரை தேவைப்படுவோரும் அதனை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கும் அதற்குமிடையில் நான்கு மணித்தியால இடைவெளி அவசியம். இம்மூன்றையும் சேர்த்தே விழுங்கும் கர்ப்பிணிக்கு மருந்தின் முழுப் பயன் கிட்டாது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது என்ன? ஒரேயொரு அறிக்கையை வைத்து ஆயுட்கால முடிவு எடுக்கப்படலாகாது. பலரிடம் ரிஎஸ்எச் தானாகவே சாதாரண நிலைக்குத் திரும்புவதால், இரண்டு மூன்று மாதங்களின் பின் பரிசோதனை மீள நடத்தப்பட வேண்டும். பிறபொருளெதிரிகளையும் சோதிப்பது பயனுள்ளது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ரிஎஸ்எச்சும் பிறபொருளெதிரியும் ஒருங்கே உயர்ந்திருந்த பெண்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 சதவீதமானோர் முழுமையான குறைபாட்டுக்கு உள்ளாகினர். இத்தகையோரைக் கண்காணிப்பில் வைத்திருப்பது இன்றியமையாதது.

இதனை வாசித்து ஏற்கனவே மாத்திரை உட்கொள்ளும் எவரும் தாமாக அதனை நிறுத்திவிடக்கூடாது. முழுமையான குறைபாடுள்ளவர்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து. தமது நிலை எத்தகையது என்பதை வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும். நோயாளர் நெரிசலுக்கு மத்தியிலும் அதற்கு விடையளிக்கச் சில நிமிடங்களை ஒதுக்குவது வைத்தியரின் கடமையாகும். 2022 இல் நாடு கண்ட மருந்துத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. தேவையற்றோருக்குச் செல்லும் மாத்திரை தேவையானவரின் பங்கிலிருந்தே செல்கின்றது. பரிசோதனை யாருக்கு, சிகிச்சை யாருக்கு என்பதைத் தெளிவுபடுத்தும் வழிகாட்டல் கிராமப்புற வைத்தியசாலை வரை மும்மொழியிலும் சென்றடைவதைச் சுகாதார அமைச்சு உறுதிசெய்ய வேண்டும்.