வளரியை வளரியென்றே வழங்குக!

வேட்டைக் கருவி கொல்லும் பொருள். அதிற் கலை எங்கே உளது என வினவுவார் உளர். புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் வழங்கிய வளரியைக் கையிலெடுத்துப் பார்த்தார் அவ்வாறு வினவார்.

வளரி பிறைபோல் வளைந்தது. வளைதடி என்பதும் அதன் பெயரே. வயிரம் பாய்ந்த மரத்திலும், சிறுபான்மை இரும்பிலும் செய்யப்பட்டது. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றித் தோளின்மேற் சிலமுறை சுழற்றி, விசையேற்றி வீசுவர். முயலும் காட்டுக்கோழியும் அதற்கு இலக்காயின. வளைவு சற்றே பிழைப்பினும், எடை சற்றே இடம் மாறினும் வீச்சுத் தவறும். அந்நுட்பம் அறிந்த கைகளே அதனைச் செதுக்கின. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் யானைக்கொம்பால் ஆகிய வளரிகளும் இருந்தன. அவற்றுள் இரண்டு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கள்ளர் குடி மணவினையில் இருவீட்டாரும் வளரி மாற்றிக்கொண்ட வழக்கத்தை எட்கர் தர்சுட்டன் 1909-இல் வெளியிட்ட நூலிற் குறித்துள்ளார். கொல்லும் கருவி உறவு கூட்டும் பொருளாகவும் உயர்ந்தது!

சின்ன மருது ஆங்கிலப் படைஞர் சேம்சு வெல்சுக்கு வளரி வீசக் கற்பித்தார். வல்லவன் கையில் அது 100 கெசத் தொலைவுக்குள் குறி தப்பாது என வெல்சு 1830-இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதினார். கற்பித்த மருதுவையோ, வெள்ளையர் 1801 அக்தோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். அவ்வாண்டின் இறுதியிற் பாளையத்து மக்கள் படைக்கலம் ஏந்துவதையும் தடுத்தனர். வளரி வீசுவோர் அருகினர், செய்வோரும் அருகினர்.

எஞ்சியவற்றுட் சில இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றைப் 'பூமராங்கு' என எழுதுவோர் பலர். அச்சொல் ஆத்திரேலியத் தொல்குடியினர்க்கு உரியது. அவர்தம் கருவிக்கே பொருந்துவது. எறிந்தவனிடமே திரும்புவது என்னும் எண்ணமும் அப்பெயரோடு ஒட்டிவருகின்றது. வளரியின் தொழிலோ இலக்கைத் தாக்கி வீழ்த்துவதே. பெயர் மாறின், பொருளின் இயல்பும் பிறழ உணரப்படும். அதனை ஆக்கிய மக்களும் மறக்கப்படுவர்.

ஆதலின், அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளில் 'வளரி' என்பதே முதற்கண் நிற்றல் வேண்டும். சிற்றூர்க் கோயில்களிலும் பழமனைகளிலும் உள்ளவற்றைப் பழம்பொருள் வணிகர்க்கு விற்றுவிடாது காத்தல் வேண்டும். அவற்றை அளந்து, படமெடுத்து, உறுப்புப் பெயர்களையும் செய்முறையையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பள்ளி ஆசிரியரும் மாணவரும் முனைந்தால் இப்பணி இயலாததன்று.

காட்டுயிர்களைக் காக்க 1972-இற் சட்டம் பிறந்தது, அது தக்கதே. வேட்டை ஒழியலாம், அதற்கெனப் பிறந்த கைத்திறனும் சொல்லும் ஒழிதல் ஆகாது.