கயிறு மட்டும் போதுமா?

ஓடாமல் நின்றுபோன எதையாவது இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால், நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வி "கயிறு இருக்கா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி கிடையாது. கயிறு கிடைத்துவிட்டால் ஆட்டோ, கார், டிராக்டர், படகு எல்லாம் நமக்கு ஒன்றுதான். நெய்வேலி சுரங்கத்தில் கனரக வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் 33 வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் கெட்டுப்போன இயந்திரங்கள் அதிகம். அந்தக் கேள்வி இதுதான்: "இழுபடப் போவது என்ன? அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கும்?"

இந்த முறை நான் எழுத வந்தது வாட்டர் ஸ்கூட்டரைப் பற்றி. வடலூர்க்காரனுக்குத் தெரிந்த தண்ணீர் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும்தானே, உனக்கு ஏன் இந்தப் பணக்கார விளையாட்டைப் பற்றிய கவலை என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் பிச்சாவரத்துத் துடுப்புப் படகோடு திருப்தி அடைந்த காலம் போய்விட்டது. 1984-இல் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத் துறையைத் திறந்தபோது படகு சவாரியே நமக்கு அதிசயம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனால், குழந்தைகள் கை நீட்டுவது அந்த ஸ்கூட்டரைத்தான். பணம் கட்டுகிறவர்கள் நாம். ஆகவே கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

முதலில் அந்த வண்டியைப் புரிந்துகொள்வோம். 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி நிறுவனம் 'ஜெட் ஸ்கி' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஜாதி வண்டி உலகம் முழுக்கப் பரவியது. வெளியே தெரியும்படி விசிறி கிடையாது. வண்டியின் அடிவயிற்றில் ஒரு வாய் இருக்கிறது. உள்ளே சுழலும் விசிறி அந்த வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உதைப்பில்தான் வண்டி ஓடுகிறது. ஹேண்டில் பாரைத் திருப்பினால் பின்னால் உள்ள குழாய் வாய் திரும்பும், பீய்ச்சும் திசை மாறும், வண்டி வளையும். அப்படியானால் என்ஜின் நின்றால் என்ன ஆகும்? பீய்ச்சல் இல்லை, எனவே ஸ்டியரிங்கும் இல்லை. பிரேக்கும் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் ஹேண்டிலை எவ்வளவு முறுக்கினாலும் வண்டிக்குக் காது கேட்காது.

இன்னொரு விஷயம், இதைவிட முக்கியமானது. பீய்ச்சும் தண்ணீரில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு ஹோஸ் வழியாக எடுத்து, என்ஜினையோ புகைபோக்கியையோ குளிர வைக்கிறார்கள். என்ஜின் ஓடும்போது புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எல்லாம் சுகம். ஆனால் என்ஜின் செத்த நிலையில் அந்த வண்டியைப் படகின் பின்னால் கட்டி வேகமாக இழுத்தால், அடிவயிற்று வாய் வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும். ஹோஸ் வழியாகப் புகைக் குழாய்க்குள் போகும். வெளியே தள்ளப் புகை இல்லை. குழாய் நிரம்பி, மெல்ல மெல்ல சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். கரைக்கு வந்து யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். உப்புத் தண்ணீராக இருந்தால் உள்ளே துருப்பிடிக்க அதிக நாள் வேண்டியதில்லை.

ஆக, சின்னதாக ஒரு கோளாறில் நின்ற வண்டியைப் பெரிய செலவில் கொண்டுபோய் விடுவது கடல் அல்ல. காப்பாற்றுகிறேன் என்று இழுத்து வந்த வேகம்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு உப்பங்கழி ஓரம், தனியார் நடத்தும் ஒரு படகுத் துறையில் கண்ணால் பார்த்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். வாட்டர் ஸ்கூட்டர் நடுவில் நின்றுவிட்டது. இருபது வயதுகூட இருக்காது, ஒரு பையன் ஃபைபர் படகில் போய்க் கயிறு கட்டினான். கயிறு கட்டியது நன்றாகத்தான் கட்டினான். அங்கிருந்து கரை வரை முழு வேகத்தில் இழுத்து வந்தான். ஸ்கூட்டரின் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"ஏன் தம்பி இவ்வளவு வேகம்?" என்று கேட்டேன். "மொதலாளி சீக்கிரம் வரச் சொன்னாரு சார். இன்னும் ரெண்டு பார்ட்டி காத்துக்கிட்டு நிக்குது" என்றான். அரை மணி நேரத்தில் மெக்கானிக் ஒருவர் பிளக்கைக் கழற்றினார். உள்ளே இருந்து தண்ணீர் வந்தது. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? எல்லோர் முன்னாலும் அந்தப் பையனைத் திட்டினார். "உன் சம்பளத்துல பிடிச்சாத்தான்டா உனக்குப் புத்தி வரும்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுற்றி வைத்தான்.

என் கோபம் அங்கே ஆரம்பித்தது. அந்த ஸ்கூட்டரோடு ஒரு கையேடு வந்திருக்கும். எப்படி இழுக்க வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். முதலாளியின் அலமாரியில் இருக்கும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். அந்தப் பையனிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீக்கிரம் வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லித் தராதவனுக்குத் தண்டனை இல்லை, சொல்லித் தரப்படாதவனுக்குச் சம்பளப் பிடித்தம் என்றால் அது என்ன நியாயம்?

"மீனவர்கள் காலங்காலமாக இழுத்து வரவில்லையா? அவர்கள் எந்தக் கையேட்டைப் படித்தார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகர் துறைமுகத்திலோ போய்ப் பாருங்கள். என்ஜின் பழுதான ஃபைபர் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வரும் அழகே தனி. அலை ஏறும்போது வேகத்தைக் குறைப்பார்கள், கயிறு தொய்யாமல் பார்ப்பார்கள், ஒருவர் பின்னால் பார்த்தபடியே இருப்பார். அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழுதான படகின் என்ஜினை அவர்கள் தூக்கி விசிறியைத் தண்ணீருக்கு மேலே எடுத்துவிடுவார்கள். படகு வெறும் ஓடாக மிதந்து வரும். வாட்டர் ஸ்கூட்டரின் வாயை அப்படித் தூக்க முடியாது. அது எப்போதும் தண்ணீருக்குள்தான் திறந்திருக்கும். மீனவர் மகனாகவே இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தை யாராவது சொன்னால்தான் தெரியும். பரம்பரை அறிவு புது இயந்திரத்துக்குத் தானாக வந்து சேராது.

சுரங்கத்திலும் இதே பாடம்தான். என்ஜின் நின்ற டம்பரில் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கையும் நம்ப முடியாது. கயிறு போட்டு இழுத்தால் இறக்கத்தில் அது முன்னால் போகும் வண்டி மேலேயே வந்து ஏறும். ஆகவே இரும்பு டோ பார் போட்டுத்தான் இழுப்போம். இழுவைக் கம்பி அறுந்தால் சாட்டை போல வீசும் என்பதால், அதன் நேர் கோட்டில் யாரையும் நிற்க விடமாட்டோம். சாலைக்கும் சட்டம் இருக்கிறது. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்னால் உள்ள வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். நம் ஊரில் நின்றுபோன பைக்கைப் பின்னால் வருபவர் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது இந்தச் சட்டமெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

தண்ணீரில் கணக்கு நேர்மாறு. அங்கே கயிறு நீளமாக வேண்டும். படகு வேகத்தைக் குறைத்ததும் பின்னால் வரும் 300, 400 கிலோ வண்டி நிற்காது, வந்து படகின் பின்பக்கத்தில் மோதும். கயிறு தொய்ந்தால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் இரண்டும் நடுக்கடலில் நிற்கும்.

சரியான முறை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ஸ்கூட்டரில் இருந்தவரை லைஃப் ஜாக்கெட்டோடு படகுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். சீட்டைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் வரும் ஹோஸ் இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதை ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கி மூட வேண்டும். மிதக்கும் கயிறாகப் பார்த்து, முன்பக்கத்தில் அதற்கென்றே இருக்கும் வளையத்தில் கட்ட வேண்டும். ஹேண்டில் பாரில் அல்ல. படகின் பின்பக்கம் இரண்டு மூலையிலிருந்தும் கயிறு வந்து சேர்ந்தால் வண்டி அலைபாயாது. மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிறுத்த வேண்டும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. நாம் சைக்கிளில் கடைக்குப் போகும் வேகத்தைவிடக் குறைவு! ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அவசரத்துக்குக் கயிற்றை வெட்டக் கையில் கத்தி இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் சீட்டைத் திறந்து பெட்ரோல் ஆவி போகக் காற்றாட விட்டு, கிளாம்பைக் கழற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கழற்ற மறந்தால் தண்ணீர் வராமல் சூடேறி அதுவும் கெடும்.

இவ்வளவுதான். ஒரு பலகையில் தமிழில் எழுதிப் படகுத் துறையில் மாட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு கிளாம்ப் என்ன விலை வரும்? வளைந்த கனெக்டிங் ராடின் விலையில் ஆயிரம் கிளாம்ப் வாங்கி வைக்கலாம் போல இருக்கிறது.

2009-இல் தேக்கடியில் 45 பேர், 2011-இல் பழவேற்காட்டில் 22 பேர், 2023-இல் தானூரில் 22 பேர் போனார்கள். ஒவ்வொரு முறையும் லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேசினோம், எத்தனை பேரை ஏற்றலாம் என்று பேசினோம். 1917-ஆம் வருடச் சட்டத்தை மாற்றி 2021-இல் உள்நாட்டுக் கலன்களுக்குப் புதுச் சட்டமும் வந்தது. நல்லது. ஆனால் நடுத் தண்ணீரில் ஒன்று நின்றுவிட்டால் அதை எப்படிக் கரை சேர்ப்பது, அதற்குப் பழகிய ஆள் யார் என்ற பேச்சைக் காணோம். மீட்பு என்பது கிளம்பிப் போவது மட்டும் அல்ல, திரும்பி வந்து சேர்வதும்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பேரப்பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கும் முன் கவுன்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். நடுவில் நின்றுவிட்டால் யார் வந்து இழுப்பார்? அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கிளாம்ப் எங்கே, காட்டுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வாருங்கள். பெரியவர் ஏதோ தொணதொணக்கிறார் என்று முகம் சுளிப்பார்கள். பத்துப் பேர் தொணதொணத்தால் பதினோராவது ஆள் வரும்போது அங்கே பலகை இருக்கும். கயிறு சுற்றும் பையனின் சம்பளமும் பிழைக்கும்.