"எதற்கு வேண்டும்?" என்று கேட்காத கோர்ட்டு

நம் சங்க இதழில் பொங்கல் விழா, பட்டிமன்றம், கல்வி உதவித்தொகை என்று எழுதினால் படிப்பீர்கள். கோர்ட்டு, நகல், முத்திரை என்று எழுதினால் பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே மும்பையில் உட்கார்ந்திருக்கும் நம்மில் யாருக்கும் இந்த விஷயம் நாளைக்கே தேவைப்படலாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 32 ஆண்டுகள் ஒரு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அது எந்த நீதிமன்றம் என்பது இங்கே முக்கியமில்லை. நகல் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்களுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? எதற்கு வேண்டும்?" அப்படிக் கேட்பது தவறு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. சென்ற ஆண்டு வரையில்.

சென்ற ஆண்டு என் மகனுடன் நான்கு மாதம் இருந்துவிட்டு வர லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தேன். அங்கே இருக்கும்போது மாட்டுங்காவிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். அவருடைய மகளுக்கு அந்த ஊரில்தான் 2011இல் விவாகரத்து ஆனது. இப்போது நல்ல இடத்தில் மறுமணம் கூடி வந்திருக்கிறது. திருமணத்தைப் பதிவு செய்ய விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும் என்கிறார்கள். பழைய பிரதி வீடு மாற்றும்போது எங்கோ தொலைந்துவிட்டது. பெண்ணுக்கோ அந்த ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மனமில்லை. "நீங்கள் கோர்ட்டில் பழகினவர். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்றார்.

நண்பர் ஏற்கெனவே ஒரு தவறு செய்திருந்தார். பலரும் செய்கிற தவறு என்பதால் சொல்கிறேன். கவுண்டி என்பது அங்கே நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. பிறப்பு, இறப்பு, திருமணம், நிலப்பத்திரம் இவற்றையெல்லாம் பதிந்து வைப்பது கவுண்டியின் பதிவாளர் அலுவலகம். அது நார்வாக் என்ற இடத்தில் இருக்கிறது. திருமணம் அங்கே பதிவாகிறது, ஆகவே விவாகரத்தும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணி அவர் அங்கே எழுதிவிட்டார். விவாகரத்து ஒரு வழக்கு. அதன் கோப்பு உயர் விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டில்தான் இருக்கும். திவால் வழக்குகளோ மத்திய அரசின் நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வேறு வாசல், வேறு கட்டணம். எந்த வாசல் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கோப்பைக் கண்டுபிடிப்பது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஏறத்தாழ 1 கோடி மக்கள் வாழும் இடம். பரப்பில் நம் கோவா மாநிலத்தைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்குள் 88 நகரங்கள், முப்பதுக்கும் மேற்பட்ட நீதிமன்றக் கட்டடங்கள். வழக்கு எண் தெரிந்தால் கவலையில்லை. அந்தக் காலத்து விவாகரத்து எண் 'பிடி' என்று தொடங்கினால், 'பி' மத்தியப் பகுதியையும் 'டி' மணமுறிவையும் குறிக்கும். எண் தெரியாவிட்டால் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். அங்கேதான் தமிழர்களாகிய நமக்குத் தொல்லை.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டில் அது விரிந்து கடைசிப் பெயராகிவிடுகிறது. கல்யாணமானதும் கணவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கணவரின் கடைசிப் பெயரோ அவருடைய தகப்பனாரின் பெயர்! எழுத்துக்கூட்டலிலும் 'டி'க்குப் பின் 'எச்' உண்டா, இல்லையா என்ற சந்தேகம். நண்பரின் மகள் பெயரை மூன்று விதமாகப் போட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் முன்னாள் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரைப் போட்டதும் வந்தது. ஆகவே வெளிநாட்டில் வழக்கு எதுவானாலும் அதன் எண்ணை வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அங்கே ஊழியரே தேட வேண்டியிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் 15 டாலர் கட்டணம் என்று கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஹில் தெருவிலுள்ள ஸ்டான்லி மாஸ்க் நீதிமன்றக் கட்டடத்துக்கு மகன் கூட்டிப் போனான். வாசலில் விமான நிலையம் போலச் சோதனை. உள்ளே போய் வரிசையில் நின்றேன். கையில் ஒரு பை நிறையக் காகிதம். என் கடவுச்சீட்டு, நண்பரின் மகள் எழுதிக்கொடுத்த அதிகாரக் கடிதம், மும்பை நோட்டரியின் கையெழுத்தோடு அதன் அசல். 32 வருஷ அனுபவமல்லவா? எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டத் தயாராக இருந்தேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண்மணி கேட்டது இரண்டே கேள்வி. வழக்கு எண் என்ன? எந்தக் காகிதம் வேண்டும்? 'எஃப்எல் 180' என்ற எண்ணுள்ள படிவம்தான் தீர்ப்பு. 'எஃப்எல் 190' என்பது தீர்ப்பு பதிவானதைத் தெரிவிக்கும் அறிவிப்பு மட்டும். அறிவிப்பை வாங்கிக்கொண்டு வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு என்பதால் தீர்ப்பையே கேட்டேன். பக்கத்துக்கு அரை டாலர், சான்றிட்டுத் தரத் தனிக் கட்டணம். பணத்தைக் கட்டினேன், நகல் வந்தது.

நான் யார் என்று அவர் கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. அதிகாரக் கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. எனக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது போலவே இருந்தது. "கடிதம் கொண்டு வந்திருக்கிறேன்" என்று நானாகவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இது பொதுக் கோப்பு ஐயா" என்றார்.

அன்றிரவு நண்பருக்குச் செய்தி சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ என் பொண்ணு கேஸை யார் வேணும்னாலும் போய் வாங்கிப் படிக்கலாமா சார்?" என்றார். "படிக்கலாம்" என்றேன். "நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க யாராவது..." என்று இழுத்தார். என்னிடம் பதில் இல்லை. எந்தத் திறந்த கதவு அவர் மகளுக்கு உதவியதோ, அதே கதவு அவரைப் பயமுறுத்தியது. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எழுதியதுதான்.

அங்கே இந்த வழக்கம் ஓர் ஊழியரின் தயவால் வந்ததல்ல. 1978இல் நிக்ஸன் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீதிமன்றக் கோப்புகளைப் பார்க்கவும் படியெடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அது எல்லையற்ற உரிமையல்ல என்றும் சொன்னது. ஆனால் கேட்பவருக்கு அந்தக் காகிதத்தில் சொந்த நலன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே பொதுவாக இல்லை. நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட் சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி சில பகுதிகளில் பொதுமக்களை வெளியேற்றினார். அது தவறு என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்னது. அந்த விசாரணை நடந்ததும் இதே லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டில்தான். கோப்பை மூடி முத்திரையிட வேண்டுமானால் அதற்கான வலுவான காரணத்தை நீதிபதி எழுதிவைக்க வேண்டும். அதாவது, காரணம் சொல்ல வேண்டியது மூடுகிறவர். கேட்கிறவர் அல்ல.

நண்பரின் பயத்துக்கும் அவர்களிடம் ஒரு விடை இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்த விடை என்று சொல்ல மாட்டேன். விவாகரத்து வழக்கில் சொத்து விவரங்களை ஒரு தரப்பு கேட்டாலே மூடிவிட வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். ஒரு பெருஞ்செல்வரின் வழக்கில் 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் கலிபோர்னிய நீதிமன்ற விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. குடும்ப வழக்கு, குற்ற வழக்கு போன்றவற்றின் காகிதங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி கணிப்பொறியில் பார்க்க முடியாது. நீதிமன்றத்துக்கே நேரில் போக வேண்டும், அல்லது எழுதிக் கேட்க வேண்டும். உண்மையான தேவை உள்ளவன் பஸ் ஏறிப் போவான். வம்புக்கு அலைகிறவன் பெரும்பாலும் போகமாட்டான். எளிய ஏற்பாடு, ஆனால் யோசித்துச் செய்த ஏற்பாடு.

நம் நாட்டில் என்ன நிலை? இங்கேயும் நீதிமன்றம் திறந்த இடம்தான். 1966இல் மிராஜ்கர் வழக்கில், நம் மும்பை உயர்நீதிமன்றத்திலிருந்து போன விவகாரத்தில், திறந்த விசாரணையே பொதுவிதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. யாரும் உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அங்கே வாசிக்கப்பட்ட காகிதத்தை மறுநாள் கேட்டால், "நீ யார்?" என்கிறோம். வழக்கில் சம்பந்தப்படாதவர் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்பது குஜராத் உயர்நீதிமன்றத்தின் விதி. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற விதிப்படிதான் நகல் பெற வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று 2020 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. கலிபோர்னியாவிலும் பொதுப் பதிவுகள் சட்டம் நீதிமன்றக் கோப்புக்குப் பொருந்தாது. ஆகவே வேறுபாடு அந்தச் சட்டத்தில் இல்லை. நீதிமன்றம் தனக்கே வைத்துக்கொண்ட விதியில்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே எத்தனையோ தீர்ப்புகள் பெயரோடும் ஊரோடும் இணையத்தில் கிடக்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் படிக்கலாம். ஆனால் அந்த வழக்கின் கோப்பைப் பார்க்க ரிக்கார்டு ரூமுக்கு நேரில் போனால் காரணம் கேட்கிறோம். வம்புக்காரனுக்கு வழி திறந்திருக்கிறது, வேலையோடு வந்தவனுக்கு அடைத்திருக்கிறது.

அப்படி நான் அடைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெகு காலத்துக்கு முன், மில் தொழிலாளி ஒருவரின் விதவை வந்தார். ஒரு சால் வீட்டு அறை பற்றிய பழைய தீர்ப்பின் நகல் கேட்டார். வழக்காடியவர் அவருடைய அண்ணன், காலமாகிவிட்டார். "உங்கள் பெயர் கோப்பில் இல்லையே அம்மா. வக்கீல் வைத்து மனுப் போடுங்கள்" என்றேன். மறுபடி ஒருமுறை வந்தார். அதையே சொன்னேன். பிறகு வரவில்லை. விதிப்படிதான் நடந்தேன். லஞ்சம் கேட்கவில்லை, கடிந்து பேசவில்லை. ஆனால் ஹில் தெருவில் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த அம்மாள் முகம்தான். அவருக்கு அந்த அறை கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் அமெரிக்காவைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருமண வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அது நமக்குப் பொருத்தமானதுதான். என் நண்பரைக் கேட்டால் இரண்டு கையையும் தூக்கி ஆதரிப்பார். குழந்தைகள் வழக்கு, பெண்களுக்கு எதிரான கொடுமை வழக்கு இவையும் மூடியே இருக்கட்டும். ஆனால் வீடு, நிலம், கடன், வாடகை, கம்பெனி, தேர்தல் என்ற வழக்குகளில் தீர்ப்பு சொல்லி முடிந்த கோப்பை, கட்டணம் கட்டுகிற எவருக்கும் காரணம் கேட்காமல் காட்ட வேண்டும். நகலும் தர வேண்டும். அடையாளச் சீட்டைக் கேட்கட்டும், கையெழுத்து வாங்கட்டும். "எதற்கு?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய கோப்புகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதும் அதில் அடக்கம். கோப்பு அலமாரியிலிருந்து கணிப்பொறிக்குப் போகும் இந்தச் சமயத்தில்தான் யார் பார்க்கலாம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பூட்டையும் சேர்த்தே ஏற்றிவிட்டால் பிறகு கழற்றுவது கடினம்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற வக்கீல்கள், கோர்ட்டு ஊழியர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து, நகல் வாங்கத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு எந்த வாசல், என்ன மனு, எவ்வளவு கட்டணம் என்று சொல்லிக்கொடுக்கலாம். வெளிநாட்டு நகல் வேண்டுவோருக்கு அங்குள்ள நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கலாம். நகல் வந்தபின் அந்த மாநில அரசிடம் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். 2005 முதல் அந்த உடன்படிக்கை இந்தியாவில் நடைமுறையில் இருப்பதால் அது இங்கே செல்லும். செயற்குழு ஒப்புக்கொண்டால் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உட்காருகிறேன்.

நண்பரின் மகள் திருமணம் தை மாதத்தில் நல்லபடியாக நடந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர், "அந்தக் கோப்பை இன்னும் யாராவது பார்த்திருப்பாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "பார்த்திருந்தால் நானாகத்தான் இருக்கும்" என்றேன். சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு ஜாங்கிரி போடச் சொன்னார்.