ஸ்கூபா பாடம்: பாறையில் முட்டி போட வேண்டாமே!

கடலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள் புகுந்த தண்ணியை வெளியேற்றிப் பழகுவதுதான் ஸ்கூபா வகுப்பின் பழைய பாணி. 2013-ல் பி.ஏ.டி.ஐ. அமைப்பு தொடக்கநிலைப் பாடத்தைத் திருத்தியபோது, நடுநீரில் மிதந்தபடி பழக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது. பயிற்சியாளருக்குக் கூடுதல் வேலைதான். ஆனா, முட்டம் மாதிரி பாறைக் கடலுக்கு இதுதான் சரி.

முட்டம், கடியபட்டணம் பக்கம் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியை, மூச்சடக்கி முங்கி எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்காங்க. புதுசா வர்றவங்க அதுமேல முட்டி போட்டா யாருக்கு நஷ்டம்?

அந்தச் சிப்பிக்காரர்களையே பயிற்சியாளர் ஆக்கலாம். ஒரு பழக்கத்தை மட்டும் அவங்க விடணும்: மூச்சடக்குவது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே இழுத்த சிலிண்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.