ஒன்றரை லட்ச ரூபாய் ஏர் பிஸ்டல்... வாங்கும் முன் சிலிண்டரில் இந்தத் தேதியைப் பாருங்க!

"தம்பி, சீட்டுப் பணம் எடுத்திருக்கனுங்க. பாப்பாவுக்கு ஏர் பிஸ்டல் வாங்கித் தரலாம்னு இருக்கறோம். எதை வாங்கறதுன்னு ஒண்ணும் புரியலைங்க. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

ஈரோட்டு வாசகி ஒருவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. மிக்ஸி, வாஷிங் மெஷின், ஹெல்த் இன்ஷூரன்ஸ் என்றுதான் இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கேள்விகள் வரும். துப்பாக்கி வந்தது இதுதான் முதல்முறை. உடனே போன் போட்டேன்.

மகள் எட்டாம் வகுப்பு. ஆறு மாதமாக ஒரு கிளப்பில் பழகுகிறாள். அங்கிருக்கும் ஒரே பிஸ்டலை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். 'சொந்தமா இருந்தாதான் ஸ்கோர் ஏறும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புதிதாக வாங்கப் பணம் போதாது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் பிஸ்டல் 90,000 ரூபாய்க்கு வருகிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அக்காவின் கையில் இருப்பது ஒன்றேகால் லட்சம். அந்த வீட்டில் அது இரண்டு வருடச் சேமிப்பு.

எனக்கும் இந்த விளையாட்டு பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வைரலான துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் மட்டும் நினைவிருந்தார். சாதாரண டி-ஷர்ட், சாதாரணக் கண்ணாடி, ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். 'எந்தக் கருவியும் இல்லாமல் வெள்ளி வாங்கிட்டார்' என்று நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். சென்னையில் ஒரு ரேஞ்சுக்குப் போய் அங்கிருந்த சீனியர் கோச்சிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "தம்பி, அவர் கையில இருந்தது முழு போட்டித் தரத்து பிஸ்டல். அதைப் பார்க்காம பாக்கெட்ல இருந்த கையைப் பார்த்திருக்கே!" (பாக்கெட்டில் கை வைப்பதும் ஸ்டைலுக்காக இல்லையாம். ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும் என்பது விதி. சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும், அவ்வளவுதான்.)

10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி என்றால் என்ன? 10 மீட்டர் தள்ளி, 17 செ.மீ. சதுர அட்டை. நடுவிலிருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறைய பாதி. 75 நிமிடத்தில் 60 முறை அதைச் சுட வேண்டும். பிஸ்டலின் முன் சைட்டும் பின் சைட்டும் வெறும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், அட்டையில் குண்டு சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்து, ஏழாகிவிடும்.

வேகத்துக்கோ பலத்துக்கோ இங்கே வேலையே இல்லை. ஆனால் ஆன்லைனில் 'ஏர் பிஸ்டல்' என்று தேடிப் பாருங்கள், சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் மாடல்கள் எல்லாம் 'இவ்வளவு வேகம், இவ்வளவு பவர்' என்றே கூவுகின்றன. ஸ்பிரிங்கில் இயங்கும் அவை சுடும்போது கையிலேயே ஒரு குதி குதிக்கும். வீட்டுத் தோட்டத்தில் டப்பாவைச் சுட்டுப் பழகலாம். போட்டிக்குத் தயாராகிறவர் அதில் பழகினால் அந்தக் குதியையும் சேர்த்துத்தான் பழகுவார். ஒலிம்பிக்கில் பயன்படும் பிஸ்டலில் குண்டு விநாடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதுவே தாராளம்.

முதலில் கை, அப்புறம்தான் கம்பெனி

'எந்த கம்பெனி நல்லது?' என்று நான் கேட்டதற்கு கோச் பதிலே சொல்லவில்லை. ஒரு பிஸ்டலைக் கையில் கொடுத்தார். "கண்ணை மூடிக்கோ. சுடுற மாதிரி கையை உயர்த்து. இப்போ கண்ணைத் திற."

திறந்தேன். முன் சைட் பின் சைட்டின் நடுவில் இல்லை, இடது பக்கம் ஒதுங்கி நின்றது. மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்தேன். "அதான் தப்பு. 60 தடவையும் இப்படித் திருப்புவியா? கிரிப் உனக்குப் பொருந்தலைன்னு அர்த்தம்" என்றார்.

போட்டி பிஸ்டல்களின் மரக் கிரிப் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று செருப்பு மாதிரி அளவுகளில் வருகிறது. இடது கைக்காரர்களுக்குத் தனி. உள்ளங்கைக்குக் கீழே தாங்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். அப்படியும் பொருந்தாவிட்டால் அரத்தால் தேய்த்தும், மரப் பசை பூசியும் சரிசெய்துகொள்கிறார்கள். இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை அரத்தால் ராவுவதைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர்களுக்கு அது தினசரி வேலை. ஒரு கட்டுப்பாடு உண்டு, மணிக்கட்டைச் சுற்றி கிரிப் பிடிக்கக் கூடாது.

அடுத்தது எடை. விதிப்படி 1,500 கிராம் வரை போகலாம். ஆனால் பெரும்பாலான மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டித்தான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையால் நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எனக்கு அரை நிமிடத்தில் நடுங்கியது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு? அதனால்தான் குழல் குட்டையான, எடை குறைந்த மாடல்களும் வருகின்றன. இன்றைக்கு ஸ்மால் கிரிப் பொருந்தும் கை இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டோக்கியோவில் நடந்தது

ட்ரிக்கருக்கும் ஒரு விதி இருக்கிறது. குறைந்தது 500 கிராம் இழுவை வேண்டும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிக்கரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். கல் தூக்கப்படும்போது ட்ரிக்கர் விடுபட்டால் அந்த பிஸ்டலோடு களமிறங்க முடியாது. அரை லிட்டர் பால் பாக்கெட்டின் கனம்தான். அந்தக் கனத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விரல் உணர வேண்டும்.

ட்ரிக்கரில் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக் என இரண்டு வகை. பேட்டரியில் இயங்கும் எலெக்ட்ரானிக் வகை வழுக்கிக்கொண்டு போகிறது, நானே இழுத்துப் பார்த்தேன். ஆனால் 2021 ஜூலை 25 நினைவிருக்கிறதா? டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் மக்கர் செய்தது. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. மிச்ச நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். 12-வது இடம். இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியவர் அவர்தான்.

'அப்போ எலெக்ட்ரானிக் வேண்டாமா?' என்றால், அப்படியில்லை. உலகத் தரத்தில் பலர் கையிலும் அதுதான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது கெட்டுப்போனால் நம் ஊரில் யார் பிரித்துப் பார்ப்பார்? ஸ்பேர் எங்கே கிடைக்கும்? மொரினி, ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி என்று நல்ல பெயர்கள் பல இருக்கின்றன. எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல் தொடங்கி இரண்டு லட்சத்தையும் தாண்டும். இவற்றுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, உங்கள் கிளப்பில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாடலை வாங்குவது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ரிப்பேர் தெரிந்தவர் பக்கத்து லேனிலேயே நிற்பார்.

அந்தத் தேதி

ஈரோட்டு அக்காவின் பிரச்னைக்கு வருகிறேன். போட்டி பிஸ்டல்களில் குழலுக்குக் கீழே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். கிட்டத்தட்ட நூறு மடங்கு! ஒருமுறை நிரப்பினால் நூற்றைம்பது முறைக்குக் குறையாமல் சுடலாம். நிரப்ப பெரிய டேங்க் அல்லது கைப்பம்ப் வேண்டும். அந்தச் செலவைக் கடையில் முதலில் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. அதிகபட்சம் பத்து வருடம். தயாரித்த தேதி சிலிண்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியே சொல்கிறது. ரேஞ்சில் சிலர் இதைக் கண்டுகொள்வதில்லை. குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டிய கையில், 200 பார் அடைத்த பழைய அலுமினியக் குழாய் இருப்பதை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்காவுக்கு போன் செய்தேன். "அந்த பிஸ்டல் சிலிண்டரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கக்கா."

மறுநாள் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 2012.

சட்ட விஷயமும் ஒரு வரி. 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் சக்தி, இவற்றுக்கு மிகாத ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல்கள் இந்த எல்லைக்குள்தான். கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், பில்லை பத்திரமாக வையுங்கள். வெளியே கொண்டுபோகும்போது பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லை என்பதால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள், கண் போய்விடும். மொட்டை மாடியில் நின்று பறவைகளைச் சுடுகிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் ஸ்நாக்ஸ் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

அக்கா விற்பவரிடம் பேசினார். "காத்து நல்லா நிக்குது, என்ன பயம்?" என்றாராம் அவர். 'புது சிலிண்டர் விலையைக் கழிச்சுக்கிட்டுத் தாங்க' என்று கேட்டதற்கு, 'வேற ஆள் ரெடியா இருக்கார்' என்று வைத்துவிட்டார்.

அடுத்து அக்கா செய்தது எனக்கே தோன்றாத வேலை. கிளப் பிஸ்டலில் இருப்பது மீடியம் கிரிப், மகளின் கைக்குப் பெரிது. கிளப்பில் அனுமதி கேட்டு, அந்த மாடலுக்கு ஸ்மால் கிரிப் மட்டும் சொந்தமாக ஆர்டர் போட்டுவிட்டார். மகளின் முறை வரும்போது இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டிக்கொண்டால் போதும். சொந்த பிஸ்டலைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவு.

நேற்று இன்னொரு வாய்ஸ் மெசேஜ். "மீதிப் பணத்தைப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டாச்சுங்க தம்பி. நீங்க சொன்ன தண்ணி பாட்டிலைச் சாயங்காலமானா நீட்டிப் புடிச்சுக்கிட்டு சொவத்தைப் பாத்தே நிக்கறா. 'பாட்டில்ல தண்ணி இருக்குதல்லோ, குடிக்காம எதுக்குடி மொறைக்கற'ன்னு அவங்க பாட்டி கேக்கறாங்க!"