மரமூஞ்சூறு குடிகாரனா?

நிபோங் பனையின் பெயரைத் தாங்கிய நிபோங் திபாலுக்குத் தெற்கே, மலேசியாவின் பேராக் கடலோரத்தின் செகாரி மெலிந்தாங் காட்டில் பெர்தாம் என்ற இன்னொரு பனை வளர்கிறது. அதன் மொட்டில் சுரக்கும் தேன், ஈஸ்ட்டால் தானாகவே புளித்துக் கள்ளாகிறது, ஆல்கஹால் 3.8 விழுக்காடு வரை ஏறுவதுண்டு, ஏறக்குறைய பீர் அளவு. ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள இறகுவால் மரமூஞ்சூறு இரவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அதை நக்குகிறது. 2008இல் ஆய்வு வெளியானதும் ‘குடிகார’ப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆய்வு சொன்னதோ வேறு: முடியில் ஆல்கஹால் சிதைந்த தடயம் ஏராளம், நடையில் தள்ளாட்டம் இல்லை. (தள்ளாடும் மூஞ்சூறு இரவுக் காட்டில் விடியும்வரை தப்புமா?) புளித்த வாசம் தேன் இருக்குமிடத்தைக் காட்டலாம், வயிற்றுக்கு வேண்டியது சர்க்கரை. மரூலா பழம் தின்று யானை மயங்கும் என்ற ஆப்பிரிக்கக் கதையும் 2006இல் கணக்குப் போட்டபோது நிற்கவில்லை. அவ்வளவு பெரிய உடலுக்கு அந்தப் பழம் போதாது. புளித்ததையும் புளிக்காததையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்காதவரை, மரமூஞ்சூறு போதையைத் தேடி வருகிறது என்பது வெறும் ஊகம்.